பிறப்போடு வந்த பேறு

தில்லியிலுள்ள சரோஜினி நகர், கவிக்குயில் எனப் போற்றப்பட்ட சரோஜினி நாயுடுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், அரசியல் நிர்ணய சபையில் இந்தியப் பெண்களின் சார்பாகத் தேசியக் கொடியை வழங்கவேண்டியவர் அவரே. அன்று அவர் அவையில் இல்லாமையால் அக்கடமையை நிறைவேற்றியவர் அன்சா மேத்தா அம்மையார்.

அந்த அம்மையாரே ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாகவும் விளங்கினார். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் விதியில், ஆண்களை மட்டுமே குறிப்பதாகக் கொள்ளத்தக்க ஆங்கிலச் சொல் முதலில் இருந்தது. மனிதராய்ப் பிறந்தோர் யாவரையும் குறிக்கும் சொல்லே வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1948 டிசம்பர் 10 அன்று நிறைவேறிய பிரகடனத்தில் அச்சொல்லே இடம்பெற்றது.

மனிதன் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவன் என்பதையும் அவ்விதியில் சேர்க்கவேண்டும் என பிரேசில் நாடு அப்போது கோரியது. பல சமயத்தாரும் சமயம் சாராதாரும் ஏற்கவேண்டிய ஆவணம் ஆதலால் அக்கோரிக்கை கைவிடப்பட்டது. மனிதர் பிறப்பிலேயே சமமானவர் என்று கூறிய பிரகடனம், அந்தச் சமத்துவத்தை அளித்தவர் யார் என்று கூறவில்லை.

சட்டம் மௌனம் காக்கும் அவ்விடத்தில்தான் பக்தனின் பொறுப்பு தொடங்குகிறது. பிறப்போடு வந்த பேறு, பிறப்பை அருளிய பரம்பொருளின் கொடையன்றி வேறென்ன? அரசு அளித்ததை அரசு பறிக்கலாம். ஆண்டவன் அளித்ததைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை.

இந்திய அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் அடுக்களையில் பணிப்பெண்ணுக்கென ஒதுக்கிய தனிக் குவளையை எந்தக் காவலர் வந்து காண்பார்? சத்சங்கத்தில் அனைவருடனும் ஒரே விரிப்பில் அமர்ந்தவர், வீடு திரும்பியதும் அக்குவளையையே எடுப்பாராயின், சற்றுமுன் அவர் வணங்கியது யாரை?

அவருக்கு நல்ல குவளையில் நீர் தருவது தருமமன்று, பெருந்தன்மையும் அன்று. இறைவன் அவருக்கு என்றோ அளித்துவிட்ட மதிப்பை, இடையில் பிடித்து வைத்திருந்தவர் திருப்பிக் கொடுக்கிறார், அவ்வளவே. கொடுத்தேன் என்னும் அகந்தைக்கு அங்கு இடமில்லை. காலம் தாழ்த்தியதற்கான நாணமே பொருந்தும்.

அந்த நாணம் உள்ளத்தில் பிறக்கும் நாளில், வழிபாடு வீட்டிற்குள்ளும் நுழைகிறது. எல்லாம் வல்ல இறைவன் அந்நாளை அனைவருக்கும் அருள்வானாக!