புத்தி தடுமாறியவரின் தெருவுக்கு நடந்து போன நபி (ஸல்) அவர்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக.

மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய புத்தியில் ஏதோ கோளாறு இருந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றார். நபியவர்கள் அவரை விரட்டவில்லை. இன்னாரின் தாயே என்று மரியாதையாக அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேசலாம் என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்தத் தெருவுக்குப் போய், அவர் சொல்லி முடிக்கும் வரை நின்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது.

அப்போது நபியவர்கள் மதீனாவின் ஆட்சித் தலைவராகவும் இருந்தார்கள். புத்தி தடுமாறிய ஒரு பெண்ணின் தெருவுக்கு ஆட்சியாளரே போயிருக்கிறார்கள்.

இப்போது நம் டி. கல்லுப்பட்டிக்கு வாருங்கள். ஒரு வீட்டில் இருபது வயதுப் பையன் தூக்கத்தை விடுகிறான், தனக்குத்தானே பேசுகிறான், அத்தா கொடுக்கும் சோற்றில் விஷம் இருக்கிறது என்கிறான். முதலில் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்கள். பிறகு தாயத்து. பிறகு தர்கா. வருஷம் ஓடிய பிறகுதான் மதுரை பெரியாஸ்பத்திரி. மாத்திரை கேட்கிறது, பையன் தெளிகிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மாதாமாதம் திருமங்கலம் வழியாக பஸ் ஏற வேண்டும். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. நாலாவது மாதம் மாத்திரை நிற்கிறது, ஆறாவது மாதம் நோய் திரும்புகிறது. நாமோ, "துஆ கபூலாகவில்லை" என்கிறோம். துஆவில் என்ன குறை? பஸ் காசு இல்லை, அதுதான் காரணம்.

ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. மருத்துவம் செய்யுங்கள், மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை, முதுமையைத் தவிர என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். மூளையின் நோய்க்கு அதில் விதிவிலக்கு இல்லை.

இந்தப் பேச்சு நமக்கு ஏன் கசக்க வேண்டும் என்றால், ஏர்வாடி இங்கிருந்து தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகம் நடத்தியவர்களைத் திட்டுவது சுலபம். அவர்களைக் கொண்டு வந்து விட்டது யார்? பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள். ஊரில் வைத்துப் பார்க்க ஒரு டாக்டரும் மாத்திரையும் இருந்திருந்தால், அவர்களில் எத்தனை பேர் அங்கே வந்திருப்பார்கள்? இன்று அதே ஏர்வாடியில் தவாவும் துஆவும் சேர்ந்தே நடக்கின்றன. அரசு மனநல மருத்துவம் தர்காவுக்கு வருகிறவர்களைத் தேடி வருகிறது.

சூரத்துன் னிஸாவின் 5-வது வசனத்தைப் பாருங்கள். விவரம் போதாதவர்களிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்கிறான் இறைவன். அதோடு நிற்கவில்லை. அந்தச் செல்வத்திலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் கொடுக்கவும், நல்ல வார்த்தை பேசவும் கட்டளையிடுகிறான். நாம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். புத்தி சரியில்லாத தம்பியின் பங்கு நிலத்தை அண்ணன் உழுகிறார், தம்பி பள்ளிவாசல் திண்ணையில் படுத்திருக்கிறார். இது எந்த ஊரிலும் நடக்காத விஷயமா?

நம் முன்னோர்கள் இதைத் தனி மனிதனின் இரக்கத்துக்கு மட்டும் விட்டுவிடவில்லை. உமையா கலீஃபா வலீத் தொழுநோயாளிகள் கையேந்தாமல் இருக்க உதவித்தொகை கொடுத்தார், பார்வையற்றோருக்கு வழிகாட்ட ஆள் நியமித்தார். டமாஸ்கஸ், கெய்ரோ, அலெப்போ நகரங்களின் மாரிஸ்தான்கள் வக்ஃப் சொத்தின் வருமானத்தில் நடந்தன, மனநோயாளிகளுக்கு அங்கே இடம் இருந்தது. எகிப்தில் இப்னு தூலூன் தான் கட்டிய மருத்துவமனையை நேரில் போய்ப் பார்ப்பாராம். ஒருநாள் மனநோயாளி ஒருவர் மாதுளம்பழம் கேட்டு வாங்கி, அதை அவர் மேலேயே எறிந்துவிட்டார். அதோடு அவர் போவதை நிறுத்திவிட்டார் என்று வரலாற்றில் வருகிறது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் பழம் எறிகிற தூரம் வரை போன ஆட்சியாளர் அவர்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-ல் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கி, இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் உள்ளது. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. அரசு செலவில் சிகிச்சை பெறுவது அவருடைய உரிமை என்கிறது. அத்தியாவசிய மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்தே இலவசமாகக் கிடைக்க வேண்டும். மாவட்டத்தில் அரசின் குறைந்தபட்ச சேவை இல்லையென்றால், அந்த மாவட்டத்தில் வேறு இடத்தில் பார்க்கிற செலவை அரசே ஏற்க வேண்டும்.

காசுதான் கேள்வி. மத்திய அரசின் சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது சுமார் 1 சதவீதம். அதிலும் பெரும்பகுதி பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு. அது தேவையான நிறுவனம்தான், ஆனால் கல்லுப்பட்டிக்காரர் மாத்திரை வாங்க பெங்களூருக்கா போவார்? 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் 30 லட்சம் பேர். பெரியவர்களில் 1000 பேருக்கு 8 பேர் கடுமையான மனநோயில் இருப்பதாக 2015-16 தேசிய மனநல ஆய்வு சொல்கிறது. 20 லட்சம் பெரியவர்கள் என்று வைத்தாலே 16,000 பேர். திட்டத்தின் அமைப்போ மாவட்டத்துக்கு ஒரு குழு.

ஆகவே கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியபோது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது. மனநோய் மாத்திரையும் அந்தப் பையில் வரட்டும் என்று கேளுங்கள். மனநல டாக்டர் குறிப்பிட்ட நாளில் தவறாமல் நம் ஊருக்கு வரட்டும் என்று கேளுங்கள். சுற்றுக் கிராமத்தார் கிராம சபையில் எழுந்து பேசலாம். மற்றவர்கள் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். இது நமக்கு மட்டுமான கோரிக்கை இல்லை, பக்கத்துத் தெரு சகோதர சமுதாயத்தாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அது வரும் வரை, பஸ் காசு இல்லாத ஏழைக்கு ஜகாத்தில் இடம் இருக்கிறது. பைத்துல்மாலில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்க நிர்வாகிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் அவசரம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். மனநோயும் 2016 சட்டப்படி மாற்றுத்திறனில் சேரும், சான்றிதழ் வாங்கலாம்.

மனு எழுதத் தெரியாதவர்கள் தொழுகை முடிந்ததும் மதரஸா அறைக்கு வாருங்கள், பிள்ளைகள் எழுதித் தருவார்கள். வீட்டு விஷயம் வெளியே போகாது.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹூ.