அருமையும் விலையும்

நம் மொழியில் ‘அருமை’ என்றொரு சொல் உண்டு. எளிதிற் கிடையாமை அதற்கு ஒரு பொருள். செய்தற்குக் கடினமாதல் மற்றொரு பொருள். போற்றத்தக்க உயர்வு மூன்றாவது பொருள். ஒரே சொல் இம்மூன்றையும் சுமந்து நிற்பதால், ஒன்றைச் சொல்லுமிடத்து மற்றொன்றைக் கருதிவிடுவது நமக்கு எளிதாகிவிட்டது. கிடைத்தற்கரிய பொருளெல்லாம் உயர்ந்த பொருளே என்று நம்பிவிடுகிறோம். இந்நம்பிக்கை தகுமா என ஆராயப் புகுவோர் பொன்னையும் மணியையும் உதாரணமாகக் காட்டுவது வழக்கம். நாம் இங்கே காட்டப் போவதோ பழைய காற்றுத் துப்பாக்கி!

காற்றுத் துப்பாக்கிக்கும் அறத்திற்கும் என்ன உறவு என்று அன்பர்கள் நகைக்கலாம். உறவு உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தகைய துப்பாக்கிகளைத் தேடித் திரட்டி, பழுது பார்த்து, பாதுகாத்து வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் உளர். அவர்கள் எதைப் போற்றுகின்றனர், எதற்குப் பணம் கொடுக்கின்றனர் என்று உற்று நோக்கினால், மேற்சொன்ன மூன்று பொருள்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதை நன்கு காணலாம்.

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். காற்றுத் துப்பாக்கிகளுள் சுருள்வில்லின் விசையால் இயங்குவனவும் உண்டு, அவற்றை விடுவோம். நாம் பேசுவது கையால் பலமுறை பம்பு அடித்துக் காற்றை நிரப்பும் வகை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை ஒத்த குழாயொன்று துப்பாக்கிக் குழலுக்குக் கீழே பொருந்தியிருக்கும். இடக்கையால் தாங்கிப் பிடிக்கும் மரத்துண்டே அதன் நெம்புகோல். அதனை விரித்து மடக்குந்தோறும் பிஸ்டன் காற்றை நெருக்கி ஒரு சிற்றறைக்குள் தள்ளும். உட்சென்ற காற்று திரும்பிவிடாதபடி ஒரு வால்வு காத்து நிற்கும். விசையை இழுத்தவுடன் சிறு சுத்தி ஒன்று மற்றொரு வால்வைத் தட்டித் திறக்க, அடைபட்டிருந்த காற்று பாய்ந்து ஈய ரவையைத் தள்ளிக்கொண்டு போகும். மருந்துமில்லை; புகையுமில்லை.

மூன்று முறை அடித்தால் மெல்லச் சுடும். எட்டு முறை அடித்தால் வன்மையாய்ச் சுடும். வன்மை எவ்வளவு வேண்டும் என்பதைச் சுடுபவனே தன் தோள்வலியால் தீர்மானிக்கிறான். ஒவ்வோர் அடியும் முந்தியதைவிடக் கடினமாயிருக்கும். இவ்வளவும் பட்டபின் கிடைப்பது ஒரே ஒரு சூடு; அடுத்ததற்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அளவு கடந்து அடித்தாலோ, உள்ளழுத்தம் மிகுந்து சுத்தியால் வால்வைத் திறக்க மாட்டாமற் போவதும் உண்டு. பேராசைக்காரனிடம் துப்பாக்கியே வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது என்று சொல்லலாம்.

செயின்ட் லூயிஸ் நகரில் வால்டர் பெஞ்சமின் என்பார் 1899ஆம் ஆண்டில் இவ்வகைத் தொழிலைத் தொடங்கினார். ஆதியில் வந்த பெஞ்சமின் துப்பாக்கிகளில் நெம்புகோல் இல்லை. பம்புத் தண்டு குழலின் வாய்ப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனைத் தரையில் ஊன்றி, துப்பாக்கி முழுவதையும் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் நகரில் 1920களில் தோன்றிய கிராஸ்மன் துப்பாக்கிகளும் முதலில் அவ்வாறே இருந்தன. விரியும் நெம்புகோல் பின்னர் வந்தது.

நம் வினாவிற்கு விடை தேட ஏற்ற இடம் ஷெரிடன் என்னும் துப்பாக்கியின் வரலாறு. விஸ்கான்சின் மாகாணத்து ரசீன் நகரில் வாக்கர்ஹேகன், கிரவுஸ் என்னும் இருவர் கூடி, அதுவரை எவரும் செய்யாத அளவிற் சிறந்த காற்றுத் துப்பாக்கியைச் செய்வதென்று முனைந்தனர். 1947ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முதற் படைப்பை இன்று ‘சூப்பர்கிரேடு’ என்பர். வெண்கலக் குழல், கன்னத்தைச் சாய்த்துக் குறிபார்க்க மேடெடுத்த வால்நட் மரக்கட்டை, ஓர் அங்குலத்தில் ஐந்திலொரு பங்கு விட்டமுள்ள, தமக்கெனவே வகுத்துக்கொண்ட ரவையளவு. குறை சொல்ல இடமில்லாத வேலைப்பாடு. விலை 56 டாலர் 50 சென்ட். அவ்விலைக்கும் குறைவாகவே வெடிமருந்துத் துப்பாக்கிகள் பல அக்காலத்தில் கிடைத்தன. காற்றடித்துச் சுடும் ஒன்றிற்கு அத்துணைப் பணம் கொடுப்பார் யார்? 1953ஆம் ஆண்டோடு அது நின்றுபோயிற்று. செய்தவை ஏறத்தாழ 2,130.

விலையைக் குறைத்து இரண்டாவதாக ஒரு வகையைச் செய்தார்கள். 1948இல் தொடங்கிய அதுவும் 1951இல் முடிந்தது. அதன் தொகை ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. மூன்றாவது முயற்சியே நிலைத்தது. 1949இல் ‘சில்வர் ஸ்ட்ரீக்’ வந்தது. 1952 முதல் அதன் உடன்பிறப்பாகிய ‘புளூ ஸ்ட்ரீக்’ வந்தது. மேடெடுத்த கட்டை போயிற்று, மெருகு குறைந்தது, ஆனால் சுடும் வன்மை குன்றவில்லை. எளிய குடும்பத்தார் வாங்கக்கூடிய விலை. ஷெரிடன் தொழில் 1977இல் பெஞ்சமின் கைக்கும், அதன்பின் இரண்டும் 1992இல் கிராஸ்மன் கைக்கும் மாறிய பின்னரும் புளூ ஸ்ட்ரீக் தொடர்ந்து விற்பனையாயிற்று. பண்ணைக் களஞ்சியத்தில் எலியை ஒழிக்கவும், தோட்டத்தில் பறவையை விரட்டவும், உணவுக்கு அணில் அடிக்கவும் அது பயன்பட்டது.

இன்று இவ்விரண்டினுள் எதற்கு மதிப்பு என்று கேட்டால், அன்பர்கள் ஊகித்தது சரியே. எவரும் வாங்காமல் நின்றுபோனது பல மடங்கு விலை பெறுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்ததோ, “எங்கும் கிடைக்கும்” என்ற ஒரே குற்றத்திற்காகக் கீழே வைக்கப்படுகிறது. சூப்பர்கிரேடின் வேலைப்பாட்டை நாம் மறுக்கவில்லை. அது தானே ஒரு பெருமைதான். எனினும், நல்ல வேலைப்பாடு மட்டுமே காரணமென்றால், மெருகு குறைத்துச் செய்த அந்த இரண்டாவது வகையைத் தேடி இவர்கள் அலைவானேன்? அது குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டது என்பதன்றி வேறு விடை நமக்குத் தோன்றவில்லை. எனவே போற்றப்படுவது பெரும்பாலும் கருவியன்று. கருவி விற்காமற் போன செய்தியே. தொழிலாளி ஒருவன் ஆயிரம் நாள் உழைத்தான், மற்றொருவன் பத்து நாளில் நின்றுவிட்டான் என்றால், பத்து நாள் வந்தவனே ‘அரியவன்’ என்று மாலையிடுவார் உண்டோ? பொருள்களிடத்தில் மட்டும் அவ்வாறு செய்கிறோம்.

இன்னொன்று பாருங்கள். பழந்துப்பாக்கிக்கு விலை மதிக்கையில், ஆலையிற் பூசிய பூச்சு நூற்றுக்கு எத்தனை பங்கு எஞ்சியிருக்கிறது என்று கணக்கிடுவது அந்நாட்டு வழக்கம். பழைய பெஞ்சமின் துப்பாக்கிகள் பலவற்றில் பித்தளைமீது வெண்ணிற நிக்கலும், அதன்மேல் கருநிற நிக்கலும் பூசப்பட்டிருந்தன. ஒருவன் கைபட்டுக் கைபட்டுக் கருமை தேய்ந்தால் வெண்மை தோன்றும். வெண்மையும் தேய்ந்தால் பித்தளையின் பொன்னிறம் தோன்றும். எத்தனை ஆண்டுகள், எந்தக் கையால், எவ்விடத்தில் பிடித்தான் என்பதெல்லாம் அதில் எழுதியதுபோல் இருக்கும். அவ்வெழுத்து மிகுந்தோறும் விலை இறங்கும்! வாங்கி உறையிலிட்டு மறந்துபோனவனின் துப்பாக்கிக்கே முதற்பரிசு. ஆயினும் உள்ளே இருக்கும் வால்வையும் பிஸ்டனின் அடைப்பையும் மாற்றிப் புதுப்பித்தால் பெரும்பாலோர் குறை சொல்வதில்லை. உள்ளுயிர் மாறலாம், மேனி நிறம் மாறலாகாது என்னும் இக்கொள்கையை நாம் வேறெங்கோ கண்டிருக்கிறோம். அதனை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

மேற்பூச்சைப் புதிதாக்கிவிட்டு ஆலைப் பூச்சென்று விற்பது வஞ்சனை, அதில் ஐயமில்லை. ஆனால் தேய்ந்ததைத் தேய்ந்ததாகவே காட்டி நிற்கும் கருவியைக் குறையுடையதென்று சொல்வதற்கும் உண்மைக்கும் என்ன தொடர்பு? பால் வெட்டுவோர் கையிற் பிடிக்கும் கத்தியைக் காணுங்கள். பிடி மழமழவென்று தேய்ந்து, அவர் விரலுக்கென்றே வார்த்தாற்போல் ஆகியிருக்கும். அதைப் புதுக் கத்தியைவிடத் தாழ்ந்ததென்று அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

இனி, அருமையின் நடுப்பொருளாகிய கடினத்தைக் கருதுவோம். இத்துப்பாக்கியிடத்தில் போற்றத்தக்கது ஏதேனும் உண்டெனில் அது இதுவே என்பது நம் கருத்து. முன்கூட்டியே உழைப்பைக் கொடாமல் இதனிடமிருந்து எதையும் பெற முடியாது. பராமரிப்பதற்கும் உழைப்பு வேண்டும். பெட்டியிற் பூட்டி வைத்தால் அடைப்புகள் உலர்ந்து, காற்றைப் பிடிக்கும் ஆற்றலை இழந்துவிடும். அனுபவமுடையோர் அவ்வப்போது ஒரு துளி எண்ணெயிடுவர். சுட்டு முடித்த பின் ஒரே ஓர் அடி காற்றை உள்ளே விட்டு வைப்பர். வால்வு தன் இருக்கையில் அழுந்தி நிற்க அது உதவும். ரவையில்லாவிடினும் இது காற்றேற்றிய ஆயுதம் என்பதை மறவாமல் அவ்வாறு வைத்தல் வேண்டும். நின்றுபோன பழைய வகையொன்றின் வால்வுக்கு ஏற்ற அடைப்பு கடையிற் கிடையாதபோது, தாமே கடைசல் இயந்திரத்தில் செய்து பொருத்தும் முதியவர்களும் அந்நாட்டில் உளர். அவர்களை நாம் வெறும் சேகரிப்போர் என்று சொல்லமாட்டோம். பணத்தால் வாங்கியதை அவர்கள் கையால் மறுபடியும் ஒருமுறை வாங்குகின்றனர்.

இவ்வளவு சொன்ன பின்னும் தட்டிக் கழிக்க முடியாத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. இது கொல்லும் கருவியன்றோ? “நாங்கள் காகிதக் குறியைத்தான் சுடுகிறோம், மரத்தையும் பித்தளையையும்தான் நேசிக்கிறோம்” என்று சேகரிப்போர் பலர் கூறுவர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வால்வும் குழலும் இத்துணை நுட்பமாய் அமைந்தது காகிதத்தைத் துளைப்பதற்கன்று. சிறுவன் கைக்குரிய விளையாட்டுப் பொருளென்று நினைப்போர், ஜிராண்டோனி என்னும் காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படையினர் 1780 முதல் போர்க்களத்திற்கே கொண்டுசென்றதை நினைவுகூர்தல் வேண்டும். அதன் காற்றுக் கலத்தை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை பம்பு அடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு உழைப்பும் மனிதனை மனிதன் கொல்வதற்கே. உழைத்துச் செய்ததனாலேயே ஒரு செயல் தூயதாகிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எட்டு முறை அடிப்பதற்குள் சினம் தணியலாம், குருவி பறந்துவிடலாம், சுடுவதா வேண்டாமா என்று சிறுவன் ஒரு கணம் எண்ணவும் கூடும். அவ்வளவே நாம் இக்கருவிக்குத் தரக்கூடிய நற்சான்று. எண்ணாமலே எட்டையும் அடித்துச் சுட்டவர்களும் எண்ணற்றவர். அவர்கள் சுட்டு வீழ்த்தியதை விட்டுவிட்டு மரத்தின் வரியழகை மட்டும் பேசுவோர், கருவியில் பாதியையே சேகரித்தவராவர். அமெரிக்க மத்திய அரசின் சட்டம் இதனைச் சுடுகலன்களுள் வைத்தெண்ணவில்லை. சில மாகாணங்களில் மட்டும் கட்டுப்பாடு உண்டு. மலேசியாவிலோ 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமென்றே கொள்கிறது. சிங்கப்பூரிலும் உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். பொருளின் தன்மையைப் பெயரிட்டுச் சொல்வதில் நம் நாட்டுச் சட்டங்களே நேர்மையுடையன என்று நமக்குத் தோன்றுகிறது. கண்டிப்பு மிகுதி என்பாரோடு நாம் வாதிட வரவில்லை.

ஆதலின் சேகரிப்போரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. எத்தனை பங்கு பூச்சு எஞ்சியது என்று எழுதி வைப்பவர்கள், அதை வைத்திருந்தவன் யார், எந்தப் பண்ணையில் எதற்குப் பயன்படுத்தினான் என்பதையும் கேட்டு எழுதி வைக்கட்டும். தந்தை இறந்தபின் பிள்ளைகள் விற்கும் நாளில் அச்செய்தி கிடைக்கும். மறுமுறை கைமாறினால் கிடையாது. சில பழைய துப்பாக்கிகளின் கட்டையில் யாரோ ஒரு சிறுவன் பேனாக்கத்தியால் தன் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கியிருப்பான். விலை மதிப்போர் அதனையும் ஒரு குறையாகக் குறித்துக்கொண்டு விலையைக் குறைப்பர். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் விலை ஏறுமா என்று கேட்போரும் உண்டு. ஏறாது, ஆலைப் பூச்சும் போயிற்று, மரமும் குறைந்தது என்று இன்னும் சற்று இறங்கும்.