வேலிக்குள் இருப்போரும் நம் தராசும்

 

வெளியேற வழியின்றி அடைபட்ட மக்களைப் பற்றிய கற்பனை நாடகங்களை நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் விரும்பிப் பார்க்கின்றனர். 2023-இல் தொடங்கிய ‘சைலோ’ நாடகத்தில் பதினாயிரம் பேர் பூமிக்கடியில் வாழ்கின்றனர். பிள்ளைகளுக்கு அது கதை. செரண்டா வட்டாரத்து வர்த்தகர்களாகிய நமக்கு அது கதையன்று.

1950-ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டப்படி இந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். காட்டிலிருந்தோருக்கு உணவு போய்ச் சேராதிருக்க, தகர டப்பாக்களைத் துளையிட்டே கடைக்காரர்கள் விற்க நேர்ந்தது. 1952 மார்ச்சில், நமக்கு வடக்கேயுள்ள தஞ்சோங் மாலிமில் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு; அரிசிப் பங்கீடும் குறைந்தது. எஞ்சிய இரண்டு மணி நேரமே கடை திறந்திருக்கும். நோய்த்தொற்றுக் காலமான 2020 ஏப்ரலில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா அருகே சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ஆகிய கட்டடங்களைச் சுற்றியும் முள்கம்பி போடப்பட்டது.

இத்தகைய வேளையில், அடைபட்டவர் எதிர்பார்ப்பது யாரை? அரிசியும் பருப்பும் கையில் வைத்திருக்கும் வணிகரையன்றோ?

அருமை நாயகம் (ஸல்) அவர்களையும் அவர்கள்தம் ஹாஷிம் கிளையாரையும் மக்கத்துக் குறைஷிகள் அபூதாலிப் கணவாயில் மூன்றாண்டுகள் ஒதுக்கி வைத்தார்கள். அவ்வொப்பந்தத்தின் ஷரத்து என்ன? அவர்களுக்கு எதையும் விற்பதில்லை, அவர்களிடம் எதையும் வாங்குவதில்லை என்பதே! பசித்த குழந்தைகளின் அழுகுரல் கணவாய்க்கு வெளியே கேட்டது. அப்போது ஹிஷாம் இப்னு அம்ரு என்பவர் இரவில் ஒட்டகத்தின் மீது தானியம் ஏற்றி, கணவாயின் வாயிலில் மூக்கணையை அவிழ்த்து உள்ளே விரட்டிவிடுவார். அன்று அவர் முஸ்லிமாகவும் இல்லை. ஈமான் கொண்டவர்களாகிய நாம் அவருக்குப் பின்தங்கலாமா?

இருவரும் மனமொப்பிச் செய்வதே வியாபாரம் என்பது திருமறையின் கட்டளை. வேறு கடைக்குச் செல்ல முடியாதவர் நாம் சொன்ன விலைக்குத் தலையசைப்பதை மனவொப்புதல் என்று நம் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா? அது கையாலாகாத்தனத்தின் தலையசைப்பு. அதில் வரும் வெள்ளியில் பறக்கத் ஏது?

ஆகவே சகோதரர்களே, வெள்ளமோ நோயோ ஊரடங்கோ வரும் நாளில் நேற்றைய விலையையே இன்றும் சொல்லுவோம். சரக்கைப் பதுக்காதிருப்போம். இல்லாதவருக்குக் கடன் கொடுப்போம். இனமும் மதமும் கேளாது கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் நம் தராசை நேராக்கி வைப்பானாக! ஆமீன்.