யாருடைய நேரம்?

எழுத்தை நேசிக்கும் தாய்மாரும் தந்தைமாரும் தமக்குள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் வினா ஒன்றுண்டு. எழுத்தா, குடும்பமா? இவ்விரண்டில் எதற்கு முதலிடம் தருவது? இரண்டையும் ஒருங்கே பேணுவது ஒருவரால் இயலுமா? நாமும் பல்லாண்டுகளாக இவ்வினாவைச் சுமந்து திரிந்தவர்களே. ஆயினும் இதற்குள் மற்றொரு வினா மறைந்து கிடந்ததைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். நாம் எழுதும் அந்த ஒரு மணி நேரம் யாருடையது? அதை யாரிடமிருந்து பெற்றோம்? கேட்டுப் பெற்றோமா, கேளாமல் எடுத்துக்கொண்டோமா? இதைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

நம் இல்லம் நீலகிரி மலையில், குன்னூரில் உள்ளது. 15 வயது மகள், 11 வயது மகன், அவர்களுடைய வாப்பா, நாம் என நால்வர் வாழும் சிறு குடும்பம். அதிகாலைத் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் எழும்வரை கிடைக்கும் சிறு பொழுது எழுத்துக்குரியது. அதன்பின் பசியாறுவதற்கு இடியாப்பமோ தோசையோ ஆயத்தமாக வேண்டும். பள்ளிக்கு உணவு கட்ட வேண்டும். பகலுக்குச் சோறும் ஆணமும், மாலையில் தேநீர், இரவுக்கு மறுபடியும் அடுப்பு. இடையிடையே கை ஓய்ந்திருக்கும் வேளைகளில் உல்லன் நூலும் இரண்டு ஊசிகளும். மலைக் குளிரில் வாழ்வோருக்குப் பின்னல் வேலை வெறும் பொழுதுபோக்கன்று. மார்கழி பிறக்குமுன் முடித்தாக வேண்டிய கடமையுமாகும்.

இம்மூன்று வேலைகளையும் நெடுநாள் செய்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். இவை மூன்றும் நம் நேரத்தை மூன்று விதமாகக் கேட்கின்றன. சமையல் தன் வேளையைத் தானே குறித்துக்கொள்கிறது. உலை கொதித்தால் அரிசி இட வேண்டும். பிள்ளை பசித்தால் பரிமாற வேண்டும். காலையில் ஆக்கியது மாலையில் இராது. நாளை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னல் அதைவிடப் பொறுமை மிக்கது. வரிசையின் நடுவே யாரேனும் அழைத்தால் ஊசியை வைத்துவிட்டு எழலாம். திரும்பி வரும்போது கண்ணிகள் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். ஸ்வெட்டரின் முதுகுப் பகுதிக்கு வரிசைக்கு 100 கண்ணிகள், 130 வரிசைகள் எனக் கொண்டால் மொத்தம் 13,000 கண்ணிகள். அவற்றை நூறு துண்டுப் பொழுதுகளில் பின்னினாலும் ஆடையில் அதன் அடையாளம் தெரியாது.

எழுத்து அத்தகையதன்று. பாதியில் விட்டுச் சென்ற வாக்கியம் நமக்காகக் காத்திருப்பதில்லை. கறிக்கு உப்புப் பார்த்துவிட்டு வருவதற்குள் அது எங்கோ போய்விடுகிறது. எழுத்து, பிறர் குரல் புகாத முழுப் பொழுதைக் கேட்கிறது. அத்தகைய பொழுது ஒரு குடும்பத்தில் தானாக விளைவதில்லை. யாரோ ஒருவர் கதவுக்கு வெளியே நின்று நம் வேலையையும் சேர்த்துச் செய்யும்போதே அது உண்டாகிறது. அந்த ஒருவர் யார் என்று நாம் நெடுங்காலம் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு நெடுங்கதையை எழுதி முடித்துவிட வேண்டும் என்னும் ஆவல் நம்மைப் பற்றிக்கொண்டது. விடியற்காலைப் பொழுது போதவில்லை. ஒருநாள் மாலை எழுதுகோலும் அடுப்புமாக நாம் தடுமாறுவதைக் கண்ட மகள், "நீங்கள் எழுதுங்கள் உம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். நெகிழ்ந்து போனோம். ஆனால் ஒருநாளைக்கெனச் சொன்ன சொல், நாம் அறியாமலே ஒவ்வொரு நாளுக்கும் உரிய ஏற்பாடாகிவிட்டது. மாலைதோறும் இரண்டு மணி நேரம் நாம் அறைக்குள் இருந்தோம். தேநீர் வந்தது, இரவு உணவு ஆயத்தமாக இருந்தது, தம்பியின் பாடங்களை அவளே கேட்டாள். எட்டு மாதங்களில் கதை முடிந்தது. நூலின் முகப்பில் மகளுக்கு நன்றியும் எழுதினோம். கடன் தீர்ந்தது என்றே எண்ணியிருந்தோம்.

பிறகு, பாதியில் நின்றுபோயிருந்த பின்னலைத் தேடி எடுத்தோம். அது மகளுக்காகத் தொடங்கிய ஸ்வெட்டர். முடிந்திருந்த முதுகுப் பகுதியை அவள்மேல் வைத்து அளந்தபோது நீளத்தில் இரண்டு அங்குலம் குறைந்தது, தோளிலும் போதவில்லை. நாம் அறைக்குள் இருந்த காலத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டிருந்தாள். கையின் நீளத்தைக் காண்பதற்காகக் கையை நீட்டச் சொன்னோம். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சூட்டுத் தழும்பு.

"இது எப்போது பட்டது?"

"நோன்புக்கு முன்னாலேயே, உம்மா. தோசைக்கல் பட்டுவிட்டது."

தழும்பு ஆறி, நிறமும் மாறியிருந்தது. என்ன சொல்வதென்று அறியாமல், "இப்போதெல்லாம் நீ படம் வரைவதைக் காணோமே?" என்று கேட்டோம்.

"நேரம் இல்லை, உம்மா."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னாள். ஆனால் அது நம்முடைய சொல். இரவில் கதை கேட்டு வரும் மகனிடமும், உடன் நடந்துவர அழைக்கும் அவன் வாப்பாவிடமும் நாம் நாள்தோறும் சொல்லிவந்த சொல். அதை அவள் வாயால் கேட்டபோதுதான் அவளுடைய நேரம் எங்கே போயிற்று என்பது விளங்கிற்று. அது நம் நூலுக்குள் இருந்தது.

அந்நாட்களில் நம் நெஞ்சில் அடிக்கடி வந்து நின்றவர் எகிப்து நாட்டுக் கவிஞர் ஆயிஷா தைமூரிய்யா. 1840இல் கெய்ரோவில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். அக்கால வழக்கப்படி அவருடைய தாயார் நெசவும் பூவேலையும் கற்பிக்க விரும்பினார். சிறுமியின் உள்ளமோ ஏட்டையும் எழுதுகோலையுமே நாடிற்று. தாய்க்கும் மகளுக்கும் இடையே எழுந்த இப்பிணக்கைத் தந்தை இஸ்மாயீல் தீர்த்துவைத்தார். இவளை எம்மிடம் விட்டுவிடுக என்று கூறி, ஆசிரியர்களை அமர்த்திக் கல்வி பயிற்றுவித்தார். 14ஆம் வயதில் திருமணம் ஆயிற்று. இல்லமும் மக்களும் அவர் நேரத்தை நிறைத்தன, கல்வி நின்றது.

மூத்த மகள் தவ்ஹீதா வளர்ந்து, வீட்டு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அதன் பின்னரே தாய் மீண்டும் ஏட்டைத் திறந்தார், இலக்கணமும் யாப்பும் கற்றார், கவிதை யாத்தார். ஆனால் தவ்ஹீதா 18ஆம் வயதில் நோயுற்று மறைந்தாள். தாய் ஏழாண்டுகள் அழுதார். அழுது கண்களும் பழுதுற்றன. மகளுக்காக அவர் பாடிய இரங்கற்பா அவருடைய படைப்புகளுள் புகழ்மிக்கவற்றுள் ஒன்றாக விளங்குகிறது. 1902இல் அவர் இவ்வுலகை நீத்தார். அவருடைய அரபுக் கவிதைத் தொகுப்பின் பெயர் 'ஹில்யத்துத் திராஸ்'. 'திராஸ்' என்னும் சொல் ஆடையில் செய்யும் பூவேலைப்பாட்டைக் குறிப்பது. ஊசி வேண்டாம் என்று ஓடிய சிறுமி, தன் கவிதைக்குத் தன் தாயின் கைவேலையிலிருந்தே பெயர் எடுத்தார்.

தாயின் எழுத்தே மகளின் உயிரைக் கொண்டது என்று கூற நாம் துணியோம். நோயும் மரணமும் இறைவன் நாட்டப்படி வருபவை. நாம் காண்பது இவ்வளவே: ஒரு பெண் எழுதுவதற்கு மற்றொரு பெண்ணின் பொழுது தேவைப்பட்டது. அந்த மற்றொருத்தி மிக இளையவளாக, மிக அன்புள்ளவளாக, மறுத்துப் பேசாதவளாக இருந்தாள்.

இங்குச் சிலர் ஒரு மறுப்பை எழுப்பலாம். சமையலும் பின்னலும் கூடப் படைப்பே அல்லவா? அவற்றையும் கலையாகக் கருதினால் இப்பிணக்கே எழாதே? இதில் உண்மை உண்டு. நல்ல பிரியாணியின் பதமும், கண்ணி பிசகாத பின்னலும் அறிவும் அழகுணர்வும் கலந்த வேலைகளே. ஆயின் அடுப்படிக்குள் அடியெடுத்து வையாதவர்களே இந்தப் புகழுரையை அதிகமாக வழங்குகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். விரும்பிச் செய்பவருக்குச் சமையல் கலை. வேறு வழியின்றித் தன் வரைபட ஏட்டை மூடிவைத்துவிட்டுச் செய்பவருக்கு அது சுமை. நம் மகளுக்கு அது எதுவாக இருந்தது என்று நாம் கேட்டதேயில்லை.

வேறு சிலர், நூல் பல்லாயிரவருக்குப் பயன்படுவதால் குடும்பத்தார் சிறிது விட்டுக்கொடுப்பதே முறை என்பர். பலருக்குப் பயன்படுவது ஒருவருக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிடாது. அயலாரின் கிணற்று நீரைக் கேளாமல் இறைத்து ஊருக்கெல்லாம் தண்ணீர்ப் பந்தல் வைத்தாலும் கிணற்றுக்காரரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது மாறாது.

ஆண் எழுத்தாளருக்கு இக்கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. எழாத காரணம் அவர் கடன்படாதவர் என்பதன்று. அவருடைய கடனை மனைவி ஓசையின்றித் தீர்த்து வருகிறார் என்பதே. பெண் எழுதப் புகும்போது கணக்கு வெளிப்படுகிறது. நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்களை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. இளம் வயதிலேயே கணவரை இழந்தார். பெண் மக்களை வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. அந்நிலையிலும் எழுதினார். 1938இல் வெளிவந்த அவருடைய நாவலுக்கு டாக்டர் உ.வே. சாமிநாதையரின் பாராட்டும் கிடைத்தது. அந்நாவலின் பெயர் 'காதலா? கடமையா?'. எழுதும் தாய்மார் ஒவ்வொருவரும், எழுத்தைக் காதலின் இடத்தில் வைத்து, இந்தத் தலைப்பைத் தம்மை நோக்கியே படித்துக்கொள்ளலாம்.

இவ்வினாவுக்கு நம் மார்க்க வரலாற்றில் ஒரு தெளிவான விடை இருக்கிறது. நபித்தோழர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்கு ஸல்மான் பார்ஸீ (ரலி) சென்றார்கள். அபூதர்தாவின் துணைவியார் தம் தோற்றத்தில் நாட்டமின்றி இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருப்பது தெரியவந்தது. அவரை உண்ணச் செய்து, உறங்கச் செய்து, இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி உடன் தொழுதபின், இறைவனுக்கும், உமது உடலுக்கும், உமது குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு. அவரவர் உரிமையை அவரவருக்கு அளித்திடுக என்று அறிவுறுத்தினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் அதை உண்மையென ஏற்றார்கள்.

இதில் நம் நெஞ்சைத் தைத்தவை இரண்டு. வணக்கத்துக்கே குடும்பத்தின் உரிமை ஓர் எல்லை வகுக்குமானால், நம் கதையும் கட்டுரையும் எம்மாத்திரம்? மற்றொன்று, அந்த அம்மையார் எவரிடமும் முறையிட்டுச் செல்லவில்லை. ஸல்மான் அவர்களே பார்த்தார்கள், பார்த்ததனால் கேட்டார்கள். முறையிடாதவர்களின் உரிமையே முதலில் பறிபோகிறது. நம் இல்லத்தில் மகன் முறையிடுவான். அவன் வாப்பாவும் சில வேளைகளில் முகம் சுளிப்பார். மகள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஆகவே நமக்கு நேரம் வேண்டியபோதெல்லாம் அவளிடமிருந்தே எடுத்தோம். அன்பு மிகுந்தவரிடமிருந்தே அதிகம் எடுப்பது எவ்வளவு பெரிய அநீதி!

எனவே எழுத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. உடலுக்கு உரிமை உண்டெனில் உள்ளத்துக்கும் உண்டு. எழுதாத நாட்களில் நாம் வீட்டாருக்கு இனியவராக இருந்ததுமில்லை. குடும்பத்தினரிடம் நேரத்தைக் கடனாகப் பெறலாம். ஆனால் கேட்டுப் பெற வேண்டும். எப்போதும் ஒருவரிடமே பெறலாகாது. திருப்பித் தரும்போது நேரமாகவே திருப்பித் தர வேண்டும். நூலின் முகப்பில் அச்சிடும் நன்றி அதற்கு ஈடாகாது.

அந்த ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டோம். பிரித்த நூல் சுருள் சுருளாக வந்தது. அதைக் கண்டாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடியில் சிறு பாரம் கட்டிக் காயவிட்டால் சுருள் நீங்கும். நீங்கிற்று. இப்போது 116 கண்ணிகளுடன் புதிதாகத் தொடங்கியிருக்கிறோம். நூலைப் பிரித்து மீண்டும் பின்னலாம். அந்த எட்டு மாத மாலைப் பொழுதுகளை அவ்வாறு செய்ய இயலாது. மகளிடம் அதை வெளிப்படையாகச் சொன்னோம். "பரவாயில்லை உம்மா" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை என்று இப்போது பழகி வருகிறோம்.

இன்று நம் இல்லத்தில் வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே நம்முடையவை. அந்நாட்களில் பிள்ளைகளின் வாப்பா கடையிலிருந்து முன்னதாக வந்து அடுப்பைப் பார்க்கிறார்; மகன் வெங்காயம் உரிக்கிறான், முணுமுணுத்துக்கொண்டே. ஆணத்தில் உப்புக் கூடிவிடும் நாட்களும் உண்டு. மற்ற மாலைகளில் இரண்டு மகளுக்கு உரியவை. அப்போது அவளை எவரும் அழைப்பதில்லை. அடுத்த நூல் ஓராண்டில் முடிய வேண்டியது மூன்றாண்டுகள் ஆகலாம். இந்தச் சிறு கட்டுரைக்கே ஆறு வாரங்கள் ஆயின. அது நமக்கு வருத்தந்தான், மறைப்பதற்கில்லை.

அன்புள்ள வாசகர்களே! இதைப் படித்து முடிக்க உங்களுக்குச் சிறிது நேரம் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் உங்கள் இல்லத்து அடுக்களையிலிருந்து பாத்திர ஓசை கேட்டிருந்தால், அங்கே நிற்பவர் யார், இன்று அவர் எதை மூடிவைத்துவிட்டு அங்கு வந்தார் என்று எழுந்து சென்று பாருங்கள்.