அடுத்த படுக்கை

அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த மூன்றாம் நாள் டாக்டரோடு சண்டை போட்டேன். அப்பா தேறிக்கொண்டிருந்தார். சண்டைக்குக் காரணமே அதுதான்.

சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்துக்குப் போயிருந்தது. கொண்டுபோனபோது ரத்த அழுத்தம் சரிந்து, என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். செப்சிஸ் என்றார்கள். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு மெரோபெனம் ஏற்றினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். செப்டிக் ஷாக்கில் அவ்வளவு அவகாசம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். ஆகவே முதல் மருந்து எப்போதும் ஒரு ஊகம். ஊகம் தப்பினால் ஆளே போய்விடலாம் என்பதால் வலையை அகலமாக வீசுகிறார்கள்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஈ-கோலை. செஃப்ட்ரையாக்ஸோனுக்கே அடங்கும் ரகம்.

"மெரோபெனத்தை நிறுத்திட்டு இதுக்கு மாத்திடலாம் சார்" என்றார் டாக்டர். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"அதான் நல்லா கேக்குதே டாக்டர், ஏன் மாத்தணும்? காசு பிரச்சினை இல்ல."

ஓடுகிற புரோகிராமில் கை வைக்காதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

அவர் இரண்டு காரணங்கள் சொன்னார். ஒன்று, அந்த மருந்து அப்பாவின் குடலில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களையும் அழிக்கும். மிஞ்சுவது அதற்கு அடங்காதவை. அடுத்த முறை அவையே அவரைத் தாக்கலாம். இரண்டாவதைச் சற்றுத் தயங்கிச் சொன்னார். "இதே வார்டுல மெரோபெனம் கேக்காத கிருமியோட ஒருத்தர் இருக்கார். கொலிஸ்டின்தான் போயிட்டிருக்கு." சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒருகாலத்தில் ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள்.

சம்மதித்தேன், முதல் காரணத்துக்காக. இரண்டாவதை மட்டும் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். இன்றுவரை உறுத்துவது அதுதான்.

1945-இல் நோபல் உரையில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் ஒரு கற்பனை மனிதரைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலிக்குத் தானே பென்சிலின் வாங்கி, போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகாமல் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி, அவரிடம் பென்சிலின் பலிக்காமல் போய், அவர் இறக்கிறார். சாவுக்குப் பொறுப்பு கணவர்தான் என்கிறார் ஃபிளெமிங். அந்தக் கதையில் இறப்பவருக்கு ஒரு முகம் இருந்தது. என் கதையில் இல்லை. முகம் தெரியாத ஒருவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்?

முதல் நாள் நடந்ததில் எனக்குக் குழப்பமில்லை. சாகக் கிடப்பவருக்கு இருப்பதிலேயே வலுவானதைக் கொடுப்பது சரி. அடுத்த படுக்கைக்காரரைக் கேட்டாலும் அதையே சொல்வார், அவருக்கும் அதுதானே வேண்டும். ஆனால் அந்த உரிமை நம் அறியாமையிலிருந்து வந்தது. ரிப்போர்ட் வந்ததும் அறியாமை தீர்ந்தது, உரிமையும் தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஏற்றச் சொன்னேனே, அந்த மெரோபெனம் அப்பாவின் தொற்றுக்கு அல்ல. என் பயத்துக்கு. ஏறுவது மட்டும் அவர் நரம்பில்.

டாக்டர் அப்பாவிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. அவருக்குப் போதுமான மருந்து கிடைத்தது. நான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது 'பெரிய மருந்து ஓடுது' என்ற நிம்மதியை மட்டும்தான். அதற்கே அவ்வளவு மல்லுக்கட்டினேன். உண்மையிலேயே அப்பாவுக்கு ஒரு சின்ன ஆபத்து இருந்து, ஊருக்குப் பெரிய நன்மை என்றிருந்தால்? அப்போது அந்தக் கேள்வியை மகனிடம் கேட்கவே கூடாது என்றுதான் தோன்றுகிறது. அவன் நியாயமான பதில் சொல்ல மாட்டான். சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது நினைத்தால் ஒன்று தெரிகிறது. முதல் நாள் ராத்திரி அந்த ஊகம் பலித்ததே, அது அந்த மருந்துக்கு இன்னும் வலு மிச்சமிருந்ததால். எத்தனையோ வார்டுகளில், எத்தனையோ மூன்றாம் நாட்களில், யார் யாரோ போதும் என்று நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பாதான் அடுத்த படுக்கை.