பகலில் மூடிய கண்

கண் வறண்டுபோச்சு என்று நான் சொல்லும்போதெல்லாம் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். யார் நம்புவார்கள்? சுங்கைப்பட்டாணி சந்தையில் மீன் வெட்டுகிறவர் ஒருநாள் கத்தியை நிறுத்திவிட்டு, “வீட்டுல ஏதும் துக்கமாக்கா?” என்று கேட்டார். இல்லை தம்பி, கண் காய்ந்திருக்கிறது என்றேன். அவர் மேற்கொண்டு பேசாமல் இரண்டு கெம்போங் மீனை அதிகமாகப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

அது பொய்யில்லை. கண்ணின் மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது, நரம்பு அவசரச் செய்தி அனுப்பிக் கண்ணீரை வரவழைக்கிறது. வந்த நீர் கண்ணில் தங்குவதில்லை. வரப்பு உடைந்த வயலுக்கு மடையைத் திறந்துவிட்ட கதைதான். மூடா சமவெளியில் நெல் போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது.

நான் பிறந்தது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, நெற்றியில் விளக்கு, பிறகு ஸ்டோரில் பால் நிறுக்கும்போது மூக்கைத் துளைக்கும் அமோனியா. ரப்பர் தகடுகளைப் புகை போடும் கொட்டகை எங்கள் லயத்துக்குக் கூப்பிடு தூரம். ஆண்டுத் தொடக்கத்தில் மழை நின்று, மரங்கள் இலை கொட்டும் மாதங்களில் காற்றே அனலாக வீசும். அம்மாவின் கண் எப்போதும் சிவந்துதான் இருக்கும். அதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. காலில் அட்டை கடித்த தழும்பு மாதிரி, வேலையோடு சேர்ந்து வந்த ஒன்று. ராத்திரியில் இமை மேல் நந்தியாவட்டைப் பூ, இல்லாவிட்டால் விரல் நுனியில் தொட்டு விளக்கெண்ணெய். அவ்வளவுதான் வைத்தியம்.

அம்மாவின் புகையும் அமோனியாவும் என்னைத் தொடக் கூடாது என்றுதான் படிக்க வைத்தார்கள். கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் வேலை. தலைக்கு நேர் மேலே ஏர்கோன், எதிரே இரண்டு திரை. நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதியாகவும் அதற்குக் கீழும் குறைகிறது. இமைப்பதும் முழு இமைப்பாக இருக்காது. மேலிமை பாதி இறங்கி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் மேலே போய்விடும். நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கண்ணில் மணல் விழ ஆரம்பித்தது.

முதலில் போன கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்து, வயசாச்சு என்றார்கள். இரண்டாவது இடத்தில் வேறு சொட்டு மருந்து. ஒரு கட்டத்தில் நாளுக்கு எட்டுத் தடவை விட்டுக்கொண்டிருந்தேன். விட்டபின் எரிச்சல் கூடியது. புட்டியில் வரும் பல சொட்டு மருந்துகளில், கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பொருளே, அடிக்கடி விடுகிறவர்களின் கண்ணைப் புண்ணாக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. மீன் எண்ணெய் மாத்திரையும் ஒரு வருடம் விழுங்கினேன். அமெரிக்காவில் 535 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்றின் முடிவு 2018இல் வெளிவந்தது. மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா 3 சாப்பிட்டவர்களுக்கும், அதே மாதிரி மாத்திரையில் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. முன்பே படித்திருந்தால் அந்தக் காசுக்கு நிஜ மீனாகவே வாங்கியிருக்கலாம்.

நாலாவதாகப் பார்த்த டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். கீழிமை ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். நன்றாகவே நனைந்திருந்தது. பிறகு இமை விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தார். தெளிவான எண்ணெய் கசிய வேண்டிய இடத்தில் பற்பசை மாதிரி கெட்டியாக ஏதோ வந்ததாம். “ஆயர் சுக்குப், காக். மிஞ்ஞாக் தக் டே” என்றார். தண்ணீர் போதும் அக்கா, எண்ணெய்தான் இல்லை.

இமை ஓரத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. மேலிமையில் இருபத்தைந்து முதல் நாற்பது, கீழே கொஞ்சம் குறைவு. மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1666இலேயே விவரித்து எழுதியதால் அவர் பெயரால் அழைக்கிறார்கள். அந்த எண்ணெய்ப் படலம்தான் கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. இல்லாத எண்ணெய்க்கு நான் மூன்று வருடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை வீட்டில் சொன்னதும் அம்மா, “நான் அப்பவே வெளக்கெண்ண போடச் சொன்னேன்ல” என்றார். அவர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருந்தது. கண்ணுக்கென்று தயாரித்த சில சொட்டு மருந்துகளில் விளக்கெண்ணெய் சேர்க்கிறார்கள்தான். சமையலறைப் புட்டியை மட்டும் ஒளித்து வைத்தேன்.

டாக்டர் சொன்ன வைத்தியம் கேட்க ஒன்றுமில்லாதது. உறைந்த எண்ணெய் உருகும்படி, தினமும் பத்து நிமிடம் மூடிய இமை மேல் 40 டிகிரி அளவில் வெதுவெதுப்பான ஒத்தடம். பிறகு மெதுவாக நீவிவிடுவது. சொட்டு மருந்தை, பாதுகாப்புப் பொருள் சேராத, ஒரு தடவைக்கான சின்னக் குப்பிக்கு மாற்றினார். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கச் சொன்னார். சளிக்கு நான் வழக்கமாகப் போடும் ஒவ்வாமை மாத்திரையும் கண்ணை உலர்த்தும் என்றார். வாய் வறட்சி, மூட்டு வலி உண்டா என்று இரண்டு தடவை கேட்டார். இருந்திருந்தால், உடம்பே தன் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோயா என்று இரத்தம் எடுத்துப் பார்த்திருப்பாராம்.

மற்றதெல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது. அந்தப் பத்து நிமிடம் மட்டும் ஓடவில்லை. சொட்டு மருந்து எனக்கு ஏன் பிடித்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு வேலையை நிறுத்த வேண்டியதில்லை. போன் பேசிக்கொண்டே விடலாம். பகலில் கண்ணை மூடி உட்கார்ந்தால் வீட்டுக்குத் தரித்திரம் என்று சொல்லி வளர்த்த லயத்துப் பிள்ளை நான். அங்கே பகலில் கண் மூடினவர்கள், காய்ச்சலில் படுத்தவர்களும் செத்தவர்களும்தான். முதல் வாரம் ஒத்தடத்தின்போது வாசலில் ஆள் வந்தால் துணியை உதறிவிட்டு எழுந்து, ஒன்றுமில்லை, முகம் துடைத்தேன் என்பேன். யாரிடம் எதை மறைத்தேன்?

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் கண் திறந்தபோது மணல் இல்லை. மத்தியானம் அது வந்துவிட்டது. இப்போது நல்ல நாள்களில் சாயங்காலம்தான் வருகிறது. வறண்ட காற்றடிக்கும் பிப்ரவரியிலும், பக்கத்து நாட்டுக் காடு எரிந்து புகைமூட்டம் வரும் மாதங்களிலும் நாள் முழுக்க இருக்கிறது. அழிந்துபோன சுரப்பி திரும்ப முளைக்காதாம். மிச்சமிருப்பதை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

ஈரத்துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. அடுப்பைச் சிறுதீயில் வைத்து, துணியைப் பிழிந்து, தன் இமையில் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு என் இமையில் வைப்பார். உங்களுக்கும் வைக்கிறேன், உட்காருங்கள் என்றால், “எனக்கு என்னா கேடு” என்று நகர்ந்துவிடுவார். சுவரில் கடிகாரம் இருக்கிறது. ஆனாலும் ஏழாவது நிமிடத்திலேயே குரல் கேட்கும்: “பத்து ஆயிடுச்சி, எந்திரி.”