ஒரே தட்டில் கற்கும் பாடம்

1961-இல் அமெரிக்கா தொடங்கிய அமைதிப் படை, அதாவது பிற நாட்டு ஊர்களில் தங்கிக் கல்வி, வேளாண்மை, நலவாழ்வு போன்ற துறைகளில் பணியாற்றத் தன்னார்வலரை அனுப்பும் அரசு அமைப்பு, மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலுக்கு வருவோரை உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கவைக்கிறது. அவ்வீடுகளில் அவர்கள் உண்ணப் பழகும் முதன்மையான உணவு செபு ஜென். மீன், நொய்யரிசி, தக்காளி, காய்கறிகள் சேர்த்துச் சமைக்கப்படும் இம்மீன் சோற்றை யுனெஸ்கோ 2021-இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி அமர்வோர் தத்தம் முன்னுள்ள பகுதியிலிருந்தே உண்பதும், நடுவிலுள்ள மீனையும் காயையும் வீட்டார் பிட்டு விருந்தினர் பக்கம் நகர்த்துவதும் அங்குள்ள வழக்கமாகும்.

இச்சமையலையும் இவ்வழக்கத்தையும் கற்ற தன்னார்வலர் தாமே சமைத்துச் சக தன்னார்வலருக்குப் பரிமாறும்போது, சுவையோடு, தெராங்கா எனப்படும் அந்நாட்டு விருந்தோம்பல் நெறியும் அவர்களிடையே வேரூன்றுகிறது. உதவச் செல்வோர் முதலில் அந்நாட்டு அடுப்படியில் மாணவராக அமர வேண்டும். ஏனெனில், நன்றியோடு பெறத் தெரிந்தவரே பணிவோடு கொடுக்கவும் தகுதி பெறுகிறார்.